போனிடம் மட்டும் சொன்னது

குமரா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். "நித்யா எல்லாத்தையும் சொல்லிட்டாம்மா. அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன் எதுக்குப் பண்ணாங்கன்னு, உனக்கு இன்னா பிரச்சினைன்னு, பொடவ எடுக்கப் போறோம்னு சொல்லிட்டு நீங்க ரெண்டு பேரும் எங்க போனீங்கன்னு. ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணலியா உனக்கு?" என்று கேட்டாய். நான் "அதெல்லாம் ஒண்ணும் இல்லடா, சாப்ட்டியா?" என்றேன். கோபமாக வைத்துவிட்டாய். அதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் அழுதுவிடுவேன். நீயும் பதறிப்போய் லீவு போட்டுவிட்டு ஓசூரிலிருந்து பஸ் ஏறிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதில் வரும் சில வார்த்தைகளை ஒரு தாய் மகனிடம் சொல்லி நீ கேட்டிருக்க மாட்டாய். கூச்சமாக இருந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படி. ஆனால் முழுக்கப் படி.

எனக்கு இருப்பது அடி இறக்கம். நம் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். கர்ப்பப்பை தன் இடத்தில் நிற்காமல் கீழே சரிந்து வருவது. காலையில் அவ்வளவாகத் தெரியாது. பொழுது சாயச் சாய அடிவயிற்றில் ஒரு கனம் இழுக்கும். உட்கார்ந்தால் எதன் மேலோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். இருமினாலும் தும்மினாலும் சேலை நனைந்துவிடும். நீ பிறந்தபோது பிரசவம் சிரமமாகப் போனது, உடம்பு தேறுவதற்குள் நடவுக்கு இறங்கிவிட்டேன். இதைப் படித்துவிட்டு மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே, இது உன்னால் வந்தது இல்லை. அன்றைக்கு வீட்டு நிலைமை அப்படி. பிறகு கரிக்கலாம்பாக்கத்தில் நான் நட்டுக் களை எடுத்த வயல்களில் மனைப்பிரிவுக்குக் கல் நட்டார்கள். நானும் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போனேன். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும், பெட்டி தூக்க வேண்டும். கோயில் திருவிழா, உறவுக்காரர் கல்யாணம், பஸ் பயணம் எதற்குக் கூப்பிட்டாலும் நான் வரவில்லை என்பேன். "உங்கம்மாவுக்கு ஜனங்களோட ஒட்டவே தெரியாது" என்று அப்பா சொல்வார். நீயும் தலையாட்டுவாய். ஜனங்களோடு எனக்கு ஒரு பிணக்கும் இல்லை. போகும் இடத்தில் கக்கூஸ் எங்கே இருக்கும், அதுவரை தாங்குமா என்பதுதான் என் கவலை.

யாரிடம் சொல்வது? ஒருமுறை உன் அப்பாவிடம் ஆரம்பித்தேன். "பொம்பளைங்க சமாச்சாரம், யாராச்சும் பொம்பளைங்ககிட்ட கேளு" என்று எழுந்து போய்விட்டார். கொடுமைக்காரர் இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெண்களிடம் கேட்டேன். "வயசானா எல்லாருக்கும் அப்டித்தான், துணிய இறுக்கிக் கட்டிக்கோ" என்றார்கள். ஊருக்கு வரும் நர்ஸம்மா கர்ப்பிணிகளை விசாரிப்பார், கைக்குழந்தைகளை விசாரிப்பார். நான் இரண்டும் இல்லை.

அப்போதுதான் நீ எனக்கு அந்தப் போனை வாங்கிக் கொடுத்தாய். நான் கோலமும் ஜாக்கெட் கழுத்து டிசைனும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கோலத்துக்கும் கோலத்துக்கும் நடுவே ஒரு டாக்டரம்மா வந்தார். சாதாரண நூல் சேலை, மூக்குக்கண்ணாடி. "கீழே ஏதோ இறங்குற மாதிரி இருக்கா? சிரிச்சா, இருமினா கசியுதா? யார்கிட்டயும் சொல்லக் கூச்சமா இருக்கா? இதுக்குப் பேர் இருக்கு, வைத்தியமும் இருக்கு" என்றார். என் உடம்புக்குள் நடப்பதை எனக்கே எடுத்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான். முகம் சுளிக்கவில்லை, சத்தம் போடவில்லை, புரியாவிட்டால் திரும்பவும் போட்டுப் பார்க்கலாம். நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. மூத்திரத்தை அடக்குவது போல உள்சதையை இறுக்கிப் பிடித்து விட வேண்டும் என்று ஒரு பயிற்சி சொன்னார். பேக்கிங் மேசை முன்னால் நின்றபடியே செய்வேன். ஒருவருக்கும் தெரியாது. கொஞ்சம் கேட்டது.

ஆனால் ஒன்றைப் பார்த்தால் போன் அதோடு விடுவதில்லையே. மறுநாளிலிருந்து வேறு வேறு முகங்கள் வர ஆரம்பித்தன. ஒருவர் சோற்றுக் கற்றாழையைக் குடி என்றார். ஒருவர் சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படு என்றார். இன்னொரு பெண் அழுதுகொண்டே, கர்ப்பப்பையை எடுத்த பிறகு உடம்பு ஊதிவிட்டது, கண் மங்கிவிட்டது, எந்த டாக்டரிடமும் போய்விடாதீர்கள் என்றார். அதைப் பார்த்துத்தான் நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாது என்று முடிவு கட்டினேன். வைத்தியம் உண்டு என்று சொன்னதும் போன்தான், வைத்தியத்துக்குப் போகாதே என்று சொன்னதும் போன்தான். இரண்டையும் ஒரே மாதிரி நம்பினேன். அப்புறம் ஒரு குளிகை வந்தது. மூலிகையைத் துணியில் சிறு உருண்டையாகக் கட்டி, உள்ளே வைத்துக்கொள்ள வேண்டுமாம், கர்ப்பப்பை தானாக மேலே ஏறிவிடுமாம். அதை வாங்க எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. புத்தியால் வாங்காமல் இருந்தேன் என்று நினைக்காதே. போனில் எப்படிப் பணம் கட்டுவது என்று தெரியவில்லை, உன்னிடம் கேட்க வெட்கம். அவ்வளவுதான் காரணம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்து, நித்யா வீட்டார் பூரணாங்குப்பத்திலிருந்து நம் வீட்டுக்குக் கை நனைக்க வந்தார்களே, அந்த நாள். அதற்காகவே நீ புது டிவி வாங்கி மாட்டியிருந்தாய். அம்மா வீட்டில் பார்க்கட்டும் என்று என் போன் கணக்கையே அதில் போட்டுவிட்டாய். சாப்பாட்டுக்கு முன்னால் கூடம் நிறைய ஆட்கள். வந்த குழந்தைகள் பொம்மைப் படம் கேட்டன. நீ பெருமையாக ரிமோட்டை எடுத்து அமுக்கினாய். பெரிய திரை முழுக்க நான் போனில் பார்த்த வீடியோக்கள் வந்து நின்றன. "அடி இறக்கம்: ஆபரேஷன் இல்லாமல் குணமா?" என்று ஒன்று, "கர்ப்பப்பை வெளியே வந்தால்" என்று ஒன்று, வயிற்றைப் பிளந்து காட்டுகிற மாதிரி ஒரு படம். நித்யாவின் மாமா இருமினார். நீ சிவந்துபோய், "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல" என்று டிவியை அணைத்தாய். நான் சாம்பாரைப் பார்க்கிற மாதிரி உள்ளே ஓடிவிட்டேன்.

சமையலறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது நித்யாவின் அம்மா உள்ளே வந்தார். அவரை உனக்குத் தெரியும், பூரணாங்குப்பத்தில் டிபன் கடை நடத்துகிறவர், எந்நேரமும் கலகலப்பு. அன்றைக்கு அப்பளத் தட்டைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"அண்ணி, அது உங்க போனா?"

நான் சாம்பாரைக் கிளறினேன்.

"ஹேக்குன்னு சொன்னா நான் நம்புவேனா? எனக்கும் அதேதான் அண்ணி. கிரைண்டர்லேர்ந்து மாவுக் குண்டானத் தூக்கித் தூக்கி இப்டி ஆயிடுச்சி."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு எதற்கென்று தெரியாமல் சிரித்தோம். அடுத்து அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதில் என் சிரிப்பு நின்றது. எனக்கு வந்த அதே குளிகை அவருக்கும் போனில் வந்திருக்கிறது. அவர் வாங்கிவிட்டார், பொருள் வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்றிருந்ததால் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வைத்துக்கொண்டும் இருக்கிறார். இப்போது நாற்றத்தோடு நீர் போகிறது, ரத்தமும் படுகிறது. அவருக்கு மாதவிடாய் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன.

"பயப்படாதீங்க, உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய வரும்னு அதுலயே சொன்னாங்க அண்ணி. வருது பாருங்க."

"நின்னு போனதுக்கப்புறம் ரத்தம் வந்தா ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாதுன்னு அந்தக் கண்ணாடி போட்ட டாக்டரம்மா சொன்னாங்க. நாளைக்கே போவோம் வாங்க."

"கல்யாணம் முடியட்டும். ஆஸ்பத்திரி, கேன்சர்னு ஒரு வார்த்த வெளிய வந்தா சம்பந்தமே நின்னுடும். உங்க வூட்ல யோசிக்க மாட்டீங்களா?"

"எங்க வூட்ல நான்தான அண்ணி யோசிக்கணும்? யோசிச்சிட்டேன். நித்யாதான் எங்க வூட்டுப் பொண்ணு. நீங்க டாக்டர்கிட்ட வரணும்."

அவர்கள் போன பிறகு நீ என்னிடம் கத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். "இன்னாம்மா இதெல்லாம் பாக்குற? மானமே போச்சி" என்றாய். போனை வாங்கி நான் பார்த்த எல்லாவற்றையும் அழித்தாய். அதோடு அந்த டாக்டரம்மாவும் போய்விட்டார். பிறகு எவ்வளவோ தேடினேன். எழுத்துக் கூட்டி அடிக்கத் தெரியாமல் போனிடம் வாயால் "அடி எறங்குது" என்றால், அது செருப்புக் கடையையும் மாடிப்படியையும் காட்டியது. உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பெண் வீட்டார் முன்னால் தலைகுனிவு என்று நினைத்தாய். ஆனால் அன்றைக்கு நீ "ஏன் பாக்குற" என்றுதான் கேட்டாய். "உனக்கு இன்னா பண்ணுது" என்று கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். உன் ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

கல்யாணப் புடவை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தனை பெண்கள், அத்தனை பெஞ்சுகள். காத்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் கையில் போன், அதில் ஏதோ ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருக்கிறார். எங்கள் முறை வந்தது. உள்ளே இருந்த டாக்டர் சின்ன வயது, களைத்துப் போயிருந்தார். நான் முந்திக்கொண்டு, "எனக்கு கர்ப்பப்பைய எடுக்க வேணாம் டாக்டர், எடுத்தா கண்ணு மங்கிடும்" என்றேன். "யூடியூப் பாத்துட்டு வந்தீங்களா? எல்லாத்தையும் அதுலயே பாத்துக்க வேண்டியதுதானே, இங்க எதுக்கு வர்றீங்க?" என்றார். சிடுசிடுப்புதான், வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் நித்யாவின் அம்மா வாயை மூடிக்கொண்டார். "வெளிய எதாச்சும் மருந்து வெச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினார். நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் என் கையை நசுக்கினார், சொல்லாதே என்று. ஒரு நிமிஷம் எனக்கும் தயக்கம்தான். சொன்னால் சம்பந்தி உறவு கெடுமோ, இன்னும் திட்டு விழுமோ என்று. அப்புறம் சொல்லிவிட்டேன். "டாக்டர், போன்ல பாத்து ஒரு குளிகை வாங்கி உள்ள வெச்சிட்டு இருக்காங்க. ரத்தம் போவுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நித்யாவின் அம்மா பக்கம் நாற்காலியை நகர்த்தி, "அம்மா, பயப்படாதீங்க. நான் அப்டிப் பேசியிருக்கக் கூடாது. எப்போலேர்ந்து வெக்கிறீங்க, சொல்லுங்க" என்றார். அவர் சொன்னார். சொல்லும்போதே அழுதார். பரிசோதித்துப் பார்த்ததில் உள்ளே புண்ணாகியிருந்தது. சதையில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

முடிவு வரும் வரைக்கும் அவர் பட்டது அவருக்கும் எனக்கும்தான் தெரியும். பொய் சொன்னது போதும் என்று நிஜமாகவே புடவைக் கடைக்குப் போனோம். நித்யாவுக்கு அரக்கு நிறமா மாம்பழ நிறமா என்று கடைக்காரர் விரித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார், இவர் முந்தானையைத் தடவிக்கொண்டு, "எனக்கு எதாச்சும்னா என் பொண்ண நீங்க பாத்துப்பீங்கள்ல அண்ணி?" என்கிறார். "மொதல்ல கலரச் சொல்லுங்க" என்று அதட்டினேன். அதட்டிய பிறகு தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ கல்யாணத்தில் புகழ்ந்தாயே அந்த மாம்பழப் பட்டு, அது அப்படி எடுத்தது. சோதனை முடிவு நல்லபடியாக வந்தது. புற்று இல்லை, குளிகையின் காரம் பட்ட புண். மருந்தில் ஆறியது. நாங்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று கையைக் கோத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு கரும்புச்சாறு குடித்தோம்.

அடுத்த முறை போனபோது அந்த டாக்டர் எங்களை உட்கார வைத்துப் படம் வரைந்து காட்டினார். கர்ப்பப்பையை எடுப்பது ஒரு வழி. எடுக்காமல் தாங்கிப் பிடிக்க ஒரு வளையம் வைப்பது இன்னொரு வழி, அதை அவ்வப்போது வந்து கழுவிப் பார்த்து மாட்டிக்கொள்ள வேண்டும். கண் மங்குவது ஆபரேஷனால் இல்லை, வயதால் என்றார். நான் வளையம் கேட்டேன். நித்யாவின் அம்மாவுக்கு ரொம்பவும் இறங்கிவிட்டதால் கல்யாணத்துக்குப் பிறகு ஆபரேஷன் என்று முடிவானது. கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "வீடியோ பாருங்கம்மா, வேணாம்னு சொல்லல. ஆனா பாத்தத எங்கிட்டக் கேள்வியா கொண்டாங்க. நீங்களே பதிலா எடுத்துக்காதீங்க."

ஒரே போன், ஒரே குளிகை. நான் தப்பினேன், அவர் மாட்டினார். நான் கெட்டிக்காரி என்றும் அவர் ஏமாளி என்றும் நித்யா எதிரில் விளையாட்டுக்குக்கூடப் பேசிவிடாதே. அவர் என்னைவிட உலகம் தெரிந்தவர், ஒரு கடையையே தனியாக நடத்துகிறவர். நீகூடத்தான் முடி கொட்டுகிறது என்று எவனோ போனில் காட்டிய எண்ணெயை வாங்கித் தலையெல்லாம் கொப்புளம் வந்து நின்றாய். அப்போது உன்னை யாராவது மானம் போச்சு என்றார்களா? கவலையோடு இருக்கிறவர்களைப் போன் மோப்பம் பிடித்து வருகிறது. பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதவர்கள் அது சொல்வதைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

இப்போது அங்கே நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிறீர்கள். நாளைக்கு நித்யாவுக்கு நாள் தள்ளிப்போகலாம், வலி வரலாம், பிள்ளை உண்டாகலாம். முதலில் அவள் போனைத்தான் எடுப்பாள். எடுக்கட்டும், பிடுங்காதே. பக்கத்தில் உட்கார்ந்து நீயும் பார். அவளுக்கு என்ன செய்கிறது என்று அவளையே கேள், அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் எழுந்து போகாதே. டாக்டரிடம் போகும்போது வண்டியில் காத்திருக்காமல் கூடவே உள்ளே போ. அவளுக்கு வேண்டாம் என்றால் வெளியே நில், அது அவள் இஷ்டம். எதை எடுப்பது, எதை வைப்பது என்ற முடிவு அவளுடையது. அவளுக்குப் பேச வாய் வராத இடத்தில் கையைப் பிடித்துக்கொள்.

கடைசியாக ஒன்று. இந்த வெள்ளிக்கிழமை வளையம் பார்க்கப் போனேன். உன் அப்பாதான் வண்டியில் கூட்டிப் போனார். வளையம் வைத்ததிலிருந்து அவர்தான் கொண்டுவந்து விடுகிறார், ஆனால் எப்போதும் எதிரே இருக்கும் டீக்கடையோடு நின்றுவிடுவார். அன்றைக்கு என் பின்னாலேயே மாடி ஏறி வந்தார். இது பெண்கள் பகுதி என்று காவலாளி தடுத்தார். "அவ எம் பொஞ்சாதிப்பா, டாக்டர ஒண்ணு கேக்கணும்" என்று நின்றார். சத்தம் கேட்டு டாக்டர் அவரை உள்ளே வரச் சொன்னார். வந்தவர் உட்காராமல், வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இவ இன்னா தூக்கலாம், இன்னா தூக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சொல்லுங்க டாக்டர். இவகிட்ட சொன்னா எங்கிட்ட சொல்ல மாட்டா" என்றார். தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில், "இது எப்டி வருது டாக்டர்?" என்றார். டாக்டர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். எனக்குக் கூச்சத்தில் உடம்பே சுருங்கியது, வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்குமே என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்க டாக்டர்" என்றார்.

உன் அம்மா